போக்கிமான் போட்டிகளில் ஈவி: ஒன்றிரண்டில் குவிப்பதா, எல்லாவற்றிலும் பிரிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கிமான் கேமில் கதையை முடிக்கும்வரை ஈவி (எஃபர்ட் வேல்யூ, போக்கிமானின் பலங்களை ஏற்ற நாம் பங்கு போடும் எண்) என்று ஒன்று இருப்பதே தெரியாமல் விளையாடிவிடலாம். ஆன்லைனில் மனிதர்களோடு மோத ஆரம்பித்ததும் அது முடியாது. ஒரே போக்கிமான், ஒரே மூவ்கள். ஆனால் எதிராளியுடையது ஒரு அடி தாங்கி நிற்கும், நம்முடையது விழுந்துவிடும். பெரும்பாலும் வித்தியாசம் ஈவியில்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, கணக்கோடு சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் எல்லா எண்களும் லெவல் 100க்கு, ஐவி (பிறவியில் வரும் எண்) உச்சமான 31 என்ற கணக்கில்.

ஈவி என்பது என்ன? மொத்தம் எவ்வளவு கிடைக்கும்?

ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு ஸ்டாட்: எச்பி (உயிர்), அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீடு. இனத்துக்கு இனம் மாறும் அடிப்படை எண் ஒன்று உண்டு. அதை நாம் மாற்ற முடியாது. பிறவியிலேயே வரும் ஐவி 0 முதல் 31 வரை. இவற்றுக்கு மேல் நாம் விரும்பியபடி பங்கு போடக் கிடைப்பதுதான் ஈவி. ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510. ஒரு ஸ்டாட்டில் அதிகபட்சம் 252. நான்கு ஈவிக்கு ஒரு புள்ளி ஏறும், ஆக ஒரு ஸ்டாட்டை முழுதாக நிரப்பினால் 63 புள்ளி.

கணக்கு எளிது. அடிப்படை எண்ணை இரண்டால் பெருக்கி, ஐவியைக் கூட்டி, ஈவியில் நாலில் ஒரு பங்கைக் கூட்டி, கடைசியில் 5 சேர்க்க வேண்டும். எச்பிக்கு மட்டும் 5க்குப் பதில் 110. பிறகு நேச்சர், அதாவது போக்கிமானின் குணம், ஒரு ஸ்டாட்டைப் பத்து சதவீதம் ஏற்றும், இன்னொன்றைப் பத்து சதவீதம் இறக்கும். எச்பியை அது தொடாது. 25 நேச்சர்களில் ஐந்து எதையும் மாற்றாதவை. அவற்றை மறந்துவிடலாம்.

ஆறிலும் சமமாகப் போட்டால் எந்தப் பக்கமும் பலவீனம் இல்லாமல் இருக்குமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போட்டுப் பார்ப்போம். 510ஐ ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 85, பின்னம் போக ஒவ்வொரு ஸ்டாட்டிலும் 21 புள்ளி. மியூவை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு ஸ்டாட்டும் அடிப்படை 100 உள்ள போக்கிமான் அது. அதன் அட்டாக் 236இலிருந்து 257 ஆகும், ஸ்பெஷல் அட்டாக்கும் 257 ஆகும். ஆனால் ஒரு டர்னில் ஒரு மூவ்தான். பிசிகல் மூவ் அட்டாக்கையும் எதிராளியின் டிஃபென்ஸையும் பார்க்கும்; ஸ்பெஷல் மூவ் ஸ்பெஷல் அட்டாக்கையும் ஸ்பெஷல் டிஃபென்ஸையும் பார்க்கும். பிசிகல் மூவ் போட்டால் ஸ்பெஷல் அட்டாக்கில் போட்ட 21 புள்ளி அந்த டர்னில் சும்மா கிடக்கும். ஸ்பீடு 257 ஆகும். அதே அடிப்படை 100 உள்ள வேறொரு போக்கிமான் ஸ்பீடை முழுதாக நிரப்பி, அதை ஏற்றும் நேச்சரும் வைத்திருந்தால் 328இல் ஓடும். 257ஓ 236ஓ, அதற்கு எதிரே இரண்டாவதாகத்தான் அடிக்கப் போகிறீர்கள். இடையில் போட்ட 21 புள்ளிக்குப் பலனே இல்லை.

சமமாகப் பிரிப்பதன் உண்மையான நஷ்டம் இதுதான்: போட்ட புள்ளியில் பெரும்பகுதி ஆட்டத்தில் எதையுமே மாற்றாத இடத்தில் போய் உட்காருகிறது.

அப்படியானால் எல்லாரும் சொல்லும் 252/252/4 போதுமா?

அடிக்கிற போக்கிமானுக்குப் பெரும்பாலும் போதும். எந்த வகை அட்டாக்கில் அடிக்கிறதோ அதில் 252, ஸ்பீடில் 252, மிச்சம் 6இல் பயன்படும் 4ஐ வேறெதிலாவது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முந்திக்கொண்டு அடிப்பதும், அடித்ததும் எதிராளி விழுவதும்தான் அந்தப் போக்கிமானின் வேலை என்றால் வேறு எங்கே போடுவது? உள்ளே வந்து அடி வாங்கி நிற்கும் வேலைக்கு டீமில் வேறு ஆள் இருக்கிறது.

ஆனால் எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. ஸ்பீடு, அட்டாக், தாங்கும் சக்தி மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் யாருடைய பட்டியலையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஸ்பீடில் எவ்வளவு போட வேண்டும்?

ஒருவரைத் தாண்டும் அளவுக்கு, அல்லது ஒன்றுமே வேண்டாம். ஸ்பீடில் ஒரு புள்ளி முந்தினாலும் நூறு புள்ளி முந்தினாலும் பலன் ஒன்றே. ஒரு புள்ளி பிந்தினாலும் இழப்பு ஒன்றே. சமமாக இருந்தால் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

கார்சோம்ப்பின் அடிப்படை ஸ்பீடு 102. நூறில் ஏராளமான போக்கிமான்கள் நிற்கின்றன, இது இரண்டு தள்ளி நிற்கிறது. அதன் பெருமையில் பாதி அந்த இரண்டில் இருக்கிறது. 252 ஈவியும் ஸ்பீடை ஏற்றும் ஜாலி நேச்சரும் கொடுத்தால் 333; நூறு அடிப்படைக்காரர்களின் உச்சம் 328. இதையே அட்டாக்கை ஏற்றும் அடமன்ட் நேச்சரில் வைத்தால் அட்டாக் 359இலிருந்து 394 ஆகும், ஸ்பீடு 303க்கு இறங்கும். அப்போது நூறு அடிப்படைக்காரர்கள் மட்டுமல்ல, அடிப்படை 90 உள்ளவர்கள்கூட உச்சத்தில் 306 எடுத்து முந்திவிடுவார்கள். அந்த 35 அட்டாக் புள்ளிக்கு இது நியாயமான விலையா என்பதை உங்கள் டீமில் ஸ்பீடுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 328ஐத் தாண்டுவதுதான் நோக்கம் என்றால் ஜாலி கார்சோம்ப்புக்கு 240 ஈவியே போதும், 330 வந்துவிடும். 12 ஈவி மிச்சம், அதாவது மூன்று புள்ளி. ஆனால் எதிரே இன்னொரு கார்சோம்ப் 333இல் வந்தால் நீங்கள் பின்னால். மூன்று புள்ளி டிஃபென்ஸுக்காக அந்த மோதலை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. உங்கள் டீமில் எதிர்க் கார்சோம்ப்பைச் சமாளிக்க வேறு ஆள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

தாங்கி நிற்கும் போக்கிமானுக்கு எச்பியில் போடுவதா, டிஃபென்ஸில் போடுவதா?

முழுப் பக்கத்திலும் எனக்குப் பிடித்த கேள்வி இது.

வாங்கும் அடி எவ்வளவு என்பது எதிராளியின் அட்டாக்கை உங்கள் டிஃபென்ஸால் வகுத்து வருவது. அந்த அடியை எச்பி தாங்க வேண்டும். ஆக உண்மையான தாங்கும் சக்தி, எச்பியையும் டிஃபென்ஸையும் பெருக்கிய தொகை. பெருக்கலில் சின்ன எண்ணோடு கூட்டுவதுதான் அதிக லாபம்.

பிளிஸ்ஸியைப் பாருங்கள். அடிப்படை எச்பி 255, டிஃபென்ஸ் வெறும் 10. ஈவி எதுவும் போடாவிட்டால் எச்பி 651, டிஃபென்ஸ் 56. இப்போது கையில் 252 ஈவி. எச்பி ஏற்கெனவே பிளிஸ்ஸியின் பலம், பலத்தைப் பெருக்குவோம் என்று அங்கே போட்டால் 714. பத்து சதவீதம்கூட ஏறவில்லை. அதே 63 புள்ளியை டிஃபென்ஸில் போட்டால் 56 என்பது 119 ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேல்.

களத்தில் இது எப்படித் தெரியும்? எதிரே ஜாலி நேச்சர், அட்டாக்கில் 252, கையில் பொருள் எதுவும் இல்லாத கார்சோம்ப். எர்த்குவேக் போடுகிறது. ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 சதவீதத்துக்குள் பதினாறு அளவுகளில் ஒன்றாக விழும்.

ஈவியே போடாத பிளிஸ்ஸி வாங்குவது 688 முதல் 810 வரை. இருப்பது 651. எந்த அளவு விழுந்தாலும் ஒரே அடியில் முடிந்தது.

எச்பியில் மட்டும் 252 போட்ட பிளிஸ்ஸிக்கு அதே அடிதான், இருப்பு 714. பதினாறில் பன்னிரண்டு அளவுகளில் விழும். நாலில் மட்டும் தப்பும்.

டிஃபென்ஸில் மட்டும் 252 போட்டால் வாங்குவது 324 முதல் 382. இருப்பு 651. நிச்சயம் நிற்கும், இரண்டாவது அடியில் பெரும்பாலும் விழும்.

எச்பி 252, டிஃபென்ஸ் 252, கூடவே டிஃபென்ஸை ஏற்றும் போல்ட் நேச்சரும் கொடுங்கள். டிஃபென்ஸ் 130, வாங்குவது 297 முதல் 349. இருப்பு 714. இரண்டு எர்த்குவேக்கை உச்ச அளவிலேயே வாங்கினாலும் 698தான், நின்றுவிடும். சாஃப்ட்பாய்ல்ட் மூவ் போட்டால் பாதி எச்பி, அதாவது 357 திரும்ப வரும். ஒரு அடியின் உச்சத்தைவிட அது அதிகம். கிரிட்டிகல் அடி விழாமலும், கார்சோம்ப் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை இரட்டிப்பாக்காமலும் இருக்கும்வரை பிளிஸ்ஸி அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

டிஃபென்ஸ் 10 என்று எல்லாரும் சிரிக்கும் போக்கிமான், இந்தத் தலைமுறைகளின் பெயர்பெற்ற பிசிகல் அடியாள் ஒன்றின் முன்னால் நிற்கிறது. ஸ்பெஷல் டிஃபென்ஸுக்கு ஒரு ஈவிகூடப் போடாமலே 306 இருக்கிறது. அங்கே போட வேண்டிய அவசரம் இல்லை. அட்டாக்கும் 10தான், அதைப் பற்றியும் கவலை வேண்டாம். சீஸ்மிக் டாஸ் என்ற மூவ் அட்டாக்கைப் பார்ப்பதே இல்லை, போடும் போக்கிமானின் லெவல் எவ்வளவோ அவ்வளவு எச்பியைக் குறைக்கும்.

இதற்குப் பொது விதி ஏதும் உண்டா?

உண்டு. பிசிகல் அடி மட்டும் தாங்கினால் போதும் என்றால் எச்பி, டிஃபென்ஸ் இரண்டில் எது சின்னதோ அதை முதலில் நிரப்புங்கள். இரண்டு வகை அடியும் தாங்க வேண்டும் என்றால், எச்பியை டிஃபென்ஸ் இரண்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். எச்பி அதைவிடக் குறைவு என்றால் எச்பியில் போடுங்கள், ஒரே ஈவி இரு பக்கமும் உதவும். பெரும்பாலான போக்கிமான்களுக்கு எச்பி குறைவாகத்தான் இருக்கும். ஷக்கிள் இதன் உச்சம்: இரண்டு டிஃபென்ஸும் அடிப்படை 230, எச்பி 20. எச்பியில் 252 போட்டால் 181 என்பது 244 ஆகும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். டிஃபென்ஸில் போட்டால் 496இலிருந்து 559. எட்டில் ஒரு பங்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். பிளிஸ்ஸிக்கு நேர் எதிர்.

ஆகவே சமநிலை வேண்டும் என்ற ஆசைக்கும் இந்தக் கேமில் இடம் இருக்கிறது. ஒன்றையொன்று பெருக்கும் ஸ்டாட்களுக்கு நடுவில்தான் அந்த இடம். அடிப்பதற்கும் தாங்குவதற்கும் நடுவில் சமநிலை தேடுவது வேறு, எச்பிக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவில் தேடுவது வேறு.

அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டிலும் போடுவது எப்போதுமே தவறா?

எப்போதும் இல்லை. எதிராளி கட்டிய சுவரை உடைக்க அதுவே வழியாக இருக்கும் நேரம் உண்டு.

ஸ்கார்மரி, பிளிஸ்ஸி ஜோடி போட்டிகளில் மிகப் பழையது. ஸ்கார்மரிக்கு டிஃபென்ஸ் 140, பிசிகல் அடியை அது வாங்கும். ஸ்பெஷல் அடி வந்தால் பிளிஸ்ஸி உள்ளே வரும். தனித்தனியாக இரண்டுமே ஒருபக்கச் சாய்வுள்ளவை, சேர்ந்தால் ஓட்டையில்லாத டீம். சமநிலையை ஒவ்வொரு போக்கிமானுக்குள்ளும் தேடாமல் ஆறு பேருக்கு நடுவில் தேடுவது என்றால் இதுதான்.

இந்த ஜோடிக்கு முன்னால் ஒரே வகை அட்டாக்கில் குவித்தவர் திணறுவார். இன்ஃபர்நேப் வேறு மாதிரி. அட்டாக் 104, ஸ்பெஷல் அட்டாக் 104, ஸ்பீடு 108. ஸ்கார்மரி வந்தால் ஸ்பெஷல் நெருப்பு மூவ், பிளிஸ்ஸி வந்தால் குளோஸ் காம்பாட் என்ற பிசிகல் மூவ். இரண்டுமே எதிராளியின் வகைப் பலவீனத்தில் விழுவதால் அட்டாக் உச்சத்தில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இப்படிப் பிரிக்க மூன்று விஷயம் பொருந்தி வர வேண்டும்: இரண்டு அட்டாக்கும் அடிப்படையிலேயே நன்றாக இருக்க வேண்டும், இரண்டு வகையிலும் வலுவான மூவ் இருக்க வேண்டும், எதிரே யாருக்காக இதைச் செய்கிறீர்கள் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் ஒரே பக்கம் குவியுங்கள்.

நேச்சரிலும் கவனம் வேண்டும். இரண்டு அட்டாக்கும் பயன்படும்போது ஜாலி கூடாது, அது ஸ்பெஷல் அட்டாக்கை இறக்கும். ஸ்பெஷல் டிஃபென்ஸை இறக்கி ஸ்பீடை ஏற்றும் நாயிவ், அல்லது டிஃபென்ஸை இறக்கும் ஹேஸ்டி.

மிச்சமாகும் 4 ஈவியை எங்கே போட்டாலும் ஒன்றுதானே?

இல்லை. வால்கரோனா பூச்சி, நெருப்பு இரண்டும் கலந்த வகை. பாறை நான்கு மடங்கு வலிக்கும். எதிராளி ஸ்டெல்த் ராக் (நம் பக்கம் கூர்பாறைகளைப் பரப்பும் மூவ்) போட்டிருந்தால் களத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் பாதி எச்பி போகும். ஈவி போடாத வால்கரோனாவின் எச்பி 311. பாதி என்றால் 155, பின்னம் கழிந்துவிடும். இரண்டு முறை உள்ளே வந்தாலும் 310தான் போகும், ஒரு எச்பியோடு உயிர் இருக்கும். அந்த 4 ஈவியை எச்பியில் போட்டால் 312. பாதி 156, இரண்டு முறை வந்தால் கணக்கு நேராக முடிந்து போக்கிமான் காலி. கூட்டியதால் குறைந்தது. சாரிசார்டுக்கும் இதே கதை: 297இல் விட்டுவிடுங்கள், 298 ஆக்காதீர்கள். 2019இல் ஸ்வார்ட், ஷீல்டு கேம்களோடு வந்த ஹெவி டியூட்டி பூட்ஸை மாட்டினால் இந்தக் கவலை இல்லை, ஆனால் வேறு பொருள் வைக்கும் வாய்ப்பு போய்விடும்.

சிலர் ஸ்பீடை வேண்டுமென்றே குறைக்கிறார்களே, ஏன்?

டிரிக் ரூம் என்ற மூவ் ஐந்து டர்னுக்கு வரிசையைத் தலைகீழாக்கும், மெதுவானவர் முதலில் அடிப்பார். டோர்கோல் இதற்குப் பேர் போனது. அடிப்படை ஸ்பீடு 20தான். ஸ்பீடில் ஐவி 0, ஈவி 0, ஸ்பீடை இறக்கும் குவையட் நேச்சர் என்று வைத்தால் லெவல் 50இல் 22 வரும். ஸ்பீடுக்கு ஈவியே செலவில்லாததால் 252 ஸ்பெஷல் அட்டாக்கிலும் 252 எச்பியிலும் போகும். அதன் இரப்ஷன் மூவ் எச்பி முழுதாக இருந்தால்தான் 150 வலுவில் அடிக்கும், ஆகவே எச்பி இங்கே அட்டாக்குக்கும் உதவுகிறது.

ஸ்பெஷல் மூவ் மட்டும் வைத்திருப்பவர்கள் அட்டாக்கின் ஐவியை 0 ஆக்குவதும் இதே வழியில்தான். ஃபவுல் பிளே என்ற மூவ் உங்கள் அட்டாக்கை வைத்தே உங்களை அடிக்கும். குழப்பத்தில் தன்னைத் தானே அடித்துக்கொள்வதும் அப்படியே.

லெவல் 50 போட்டிகளில் கணக்கு மாறுமா?

மாறும். ஸ்கார்லெட், வயலட் கேம்களின் ரேங்க் போட்டிகளும் விஜிசி எனப்படும் அதிகாரப்பூர்வப் போட்டிகளும் லெவல் 50. அங்கே முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அதற்குப் பிறகு எட்டு எட்டாகச் சேர்ந்தால்தான் அடுத்த புள்ளி. ஆக 4, 12, 20, 28 என்றே போட வேண்டும். 16 போட்டால் 4 வீண். நிரப்பினால் 32 புள்ளி.

இன்னொன்று: நேச்சர் ஏற்றும் ஸ்டாட் பத்தின் மடங்கைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு கிடைக்கும். 109 என்பது 119 ஆகும், 110 என்பது 121 ஆகும். தேர்ந்தவர்களின் ஈவி 156, 172 என்று விநோதமாக இருப்பதற்குக் காரணம் இதுபோன்ற இடங்களில் சரியாக நிறுத்துவதே.

அடிப்படை எண்ணே குறைவான போக்கிமானை ஈவியால் தேற்ற முடியுமா?

எல்லா வேலைக்கும் முடியாது. ஒரு வேலைக்கு முடியும். 2014இல் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தென்கொரியாவின் செஜுன் பார்க் பச்சிரிசு என்ற மின்சார அணிலோடு வென்றார். பச்சிரிசுவின் ஆறு ஸ்டாட்டும் சேர்த்தே 405, கார்சோம்ப்புக்கு 600. அட்டாக் 45, ஸ்பெஷல் அட்டாக் 45. அடிக்கும் வேலையை அவர் அதனிடம் கேட்கவே இல்லை. தாங்கும் ஸ்டாட்களில் ஈவியைக் குவித்து, ஃபாலோ மீ மூவால் எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தில் நிற்கும் கியாரடோஸ் போன்றவற்றுக்கு வழி விடும் வேலையை மட்டும் கொடுத்தார். மின்சார மூவ் வந்தால் வோல்ட் அப்சார்ப் திறனால் அது எச்பியாக மாறும். அடிப்படை எண்களை மட்டும் பார்த்து யாரும் அந்த அணிலைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

போக்கிமான் ஷோடவுனில். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஈவியை இழுத்து நகர்த்தி உடனே ஆடிப் பார்க்கலாம். முதலில் 252/252/4 வைத்து ஆடுங்கள். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேவைப் பாருங்கள். எந்த அடியில் மயிரிழையில் விழுந்தது, யார் உங்களை முந்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டேமேஜ் கால்குலேட்டரில் அதே அடியைப் போட்டு, எத்தனை ஈவி இருந்தால் தாங்கியிருக்கும் என்று தேடுங்கள். பதினாறில் பதினைந்து அளவுகளைத் தாங்கினால் போதும் என்று நான் நிறுத்திக்கொள்வேன். கடைசி ஒன்றுக்காக இருபது ஈவி கொட்டுவதைவிட அதை ஸ்பீடில் போடலாம்.

கேமில் தவறாகப் போட்டுவிட்டால் மாற்ற முடியுமா?

முடியும். ஏற்ற வேண்டுமென்றால் வைட்டமின்: ஒன்றுக்கு 10 ஈவி, ஸ்வார்ட், ஷீல்டு முதல் 252 வரை வைட்டமினிலேயே நிரப்பலாம், 26 தேவைப்படும். இறக்க வேண்டுமென்றால் பெர்ரி: பொமெக் எச்பியை இறக்கும், கெல்ப்சி அட்டாக்கை, குவாலோட் டிஃபென்ஸை, ஹொண்டியூ ஸ்பெஷல் அட்டாக்கை, கிரெப்பா ஸ்பெஷல் டிஃபென்ஸை, டமாட்டோ ஸ்பீடை, ஒன்றுக்கு 10. நேச்சர் பிடிக்கவில்லை என்றால் மின்ட் கொடுத்து அதன் பலனை மாற்றலாம். ஐவி குறைவு என்றால் பாட்டில் கேப். ஏற்றுவதற்கு முன் ஸ்டாட் பக்கத்தைத் திறந்து, கதையின்போது சண்டையிட்டதில் தானாகச் சேர்ந்த ஈவி எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அதை பெர்ரியால் காலி செய்யாமல் வைட்டமின் கொடுக்க ஆரம்பித்தால் 510 பாதியிலேயே நிரம்பி, கடைசி ஸ்டாட்டுக்குப் போதாமல் நிற்கும்.